விண்ணப்பிக்காத அணி

இங்கிலாந்து மகளிர் கால்பந்தின் மூன்றாம் அடுக்கில், 2024-25 பருவம் முடிந்தபோது வடக்குப் பிரிவில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் முதலிடம். வுல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ், ரசிகர்களின் பேச்சில் வுல்வ்ஸ், இரண்டாமிடம். முதலிடம் பிடிக்கும் அணி மட்டுமே மேலே ஏறும் என்பது அப்போதைய விதி. பருவம் முழுக்க ஃபாரஸ்டைத் துரத்திய வுல்வ்ஸ் பெண்கள் கடைசியில் கோட்டை விட்டார்கள். விளையாட்டில் இது சகஜம். பிறகு வெளிவந்த செய்திதான் சகஜமில்லை: இரண்டாம் அடுக்கில் ஆடுவதற்கான உரிமம் கேட்டு வுல்வ்ஸ் நிர்வாகம் விண்ணப்பமே போடவில்லை. ஃபாரஸ்டை முந்தியிருந்தாலும் அந்தப் பெண்கள் இருந்த இடத்திலேயே இருந்திருப்பார்கள். மாதக்கணக்கில் ஓடி ஆடியவர்களுக்கு இது தெரியாது. வீராங்கனை ஒருவர் மனம் நொந்து சமூக ஊடகத்தில் எழுதிய பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

இங்கிலாந்து கால்பந்தின் பெருமையே அதன் ஏணிதான். சிற்றூர் கிளப் ஜெயித்துக்கொண்டே போனால் ஒருநாள் உச்சத்தைத் தொடலாம், பணக்கார கிளப் தோற்றுக்கொண்டே போனால் அடியில் போய் விழலாம் என்பது அங்கே வேதவாக்கு. 2021 ஏப்ரலில் ஆறு பெரிய கிளப்கள் இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பிக்க ஐரோப்பிய சூப்பர் லீக் என்று ஒன்றை அறிவித்தபோது, ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின. அதே நாட்டில், மகளிர் ஆட்டத்தின் கீழ் அடுக்குகளில், ஓர் அணி மேலே போவதும் போகாததும் ஆடுகளத்தில் பாதிதான் தீர்மானமாகிறது. மீதிப் பாதி ஆண்கள் அணியை நடத்தும் நிர்வாக அறையில் முடிவாகிறது. இதற்காக யாரும் தெருவில் இறங்கவில்லை.

உச்சியில் மகளிர் சூப்பர் லீக், 12 அணிகள். அதற்குக் கீழே சூப்பர் லீக் 2, இன்னொரு 12. 2025 வரை இதற்குச் சாம்பியன்ஷிப் என்று பெயர். இந்த இரண்டும் இப்போது கால்பந்துச் சங்கத்தின் கையைவிட்டுத் தனி நிறுவனத்திடம் போய்விட்டன. சங்கமே இன்னும் நடத்துவது தேசிய லீக்: மூன்றாம் அடுக்கில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவுகள், நான்காம் அடுக்கில் நான்கு பிரிவுகள், ஆக 72 கிளப்கள். அதற்கும் கீழே வட்டார லீக்குகள், பிறகு கவுன்டி லீக்குகள். மூன்றிலிருந்து இரண்டுக்குப் போகும் வாசல் வெகுகாலம் ஊசிக்காதாகவே இருந்தது. வடக்குச் சாம்பியனும் தெற்குச் சாம்பியனும் ஒரே ஓர் ஆட்டத்தில் மோத வேண்டும். ஜெயித்தவர் மேலே, தோற்றவர் மறுபடி முதலிலிருந்து. 2023-ல் வடக்கை வென்ற ஃபாரஸ்ட், மில்டன் கீன்ஸில் நடந்த அந்த ஆட்டத்தில் வாட்ஃபர்டிடம் ஒரு கோலில் தோற்று, லீக்கை வென்றும் கீழேயே தங்கியது. அடுத்த பருவத்திலிருந்துதான் இரு சாம்பியன்களும் ஏறலாம் என்று விதி மாறியது. ஃபாரஸ்ட் ஏற இன்னும் இரண்டு வருடம் பிடித்தது.

இந்த அடுக்கில் ஒரு பருவம் எப்படிக் கழிகிறது என்று தெரிந்தால்தான் அந்த விண்ணப்பத்தின் கனம் புரியும். ஆட்டம் பெரும்பாலும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. மைதானம் சொந்தமில்லை, அரைத்தொழில்முறை ஆண்கள் கிளப் ஒன்றிடம் இரவல் வாங்கியது. சனிக்கிழமை மாலை அங்கே ஆண்கள் உழுதுவிட்டுப் போன சேற்றில்தான் ஞாயிறு இவர்கள் இறங்க வேண்டும். டிசம்பர் வந்துவிட்டால் ஞாயிறு காலை எல்லோர் கண்ணும் கைப்பேசியில்: நடுவர் வந்து பந்தைப் புல்தரையில் தட்டிப் பார்ப்பார், பந்து எழும்பாமல் தண்ணீரில் ஒட்டினால் ஆட்டம் ரத்து. வெளியூர் அணி அதற்குள் பாதி வழி வந்திருக்கும். ரத்தான ஆட்டங்கள் எல்லாம் ஏப்ரலில் குவியும். அப்போது ஞாயிறும் புதனும் மாறி மாறி ஆட வேண்டும், புதன்கிழமை ஆட்டத்துக்கு அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு கேட்க வேண்டும். ஆடுகிறவர்கள் ஆசிரியைகள், உடற்பயிற்சியாளர்கள், மருத்துவமனை ஊழியர்கள், கல்லூரி மாணவிகள். வாரத்தில் இரண்டு மூன்று இரவு பயிற்சி, மறுநாள் காலை வேலை. (உறைந்த தரை முதல் அடுக்கையும் விடுவதில்லை. 2023 ஜனவரியில் செல்சி - லிவர்பூல் ஆட்டம் ஆறாவது நிமிடத்தில் நின்றது. வித்தியாசம் என்னவென்றால், அது மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.)

தூரம் இன்னொரு கொடுமை. தெற்குப் பிரிவில் பிளைமவுத் ஆர்கைலும் இப்ஸ்விச் டவுனும் ஒன்றாக ஆடிய பருவங்களில், ஒருவர் ஊருக்கு இன்னொருவர் போக சாலை வழியே சுமார் 480 கிலோமீட்டர். தீவின் தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்குக் கரைக்கு, ஒரு லீக் ஆட்டத்துக்காக. காலை இருட்டில் ஏறி, பஸ்ஸிலேயே சாப்பிட்டு, ஆடி, மறுபடி ஏறி, நள்ளிரவுக்கு வீடு. திங்கள் காலை வகுப்பறை. முழங்கால் தசைநார் அறுந்தால் நிலைமை இன்னும் மோசம். பெரிய கிளப் என்றால் சில நாளில் தனியார் அறுவை சிகிச்சை. இங்கே பலருக்கு அரசு மருத்துவமனையின் காத்திருப்புப் பட்டியல்தான் கதி. இணையத்தில் நிதி திரட்டிச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் உண்டு.

இப்படியெல்லாம் ஆடி முதலிடம் பிடிக்கிறார்கள். அதன்பின் உரிமம். தர வேண்டிய பயிற்சி நேரம், மருத்துவக் குழு, மைதானத்தில் உரிமை, இளையோர் அமைப்பு, வரவு செலவுத் திட்டம் என்று நிபந்தனைகள். 2018-ல் அடுக்குகளைத் திருத்தி அமைத்தபோது முதல் அடுக்குக்கு வாரம் 16 மணி நேரப் பயிற்சி, இரண்டாவதுக்கு 8 என்று வைத்தார்கள். அதன்பின் எதிர்பார்ப்பு ஏறிக்கொண்டேதான் போகிறது. ஒவ்வொரு நிபந்தனையும் தனியாகப் பார்த்தால் நியாயம். ஆனால் செலவுக்கான பணத்தை யார் தருவது என்பதற்கு மட்டும் விதியில் பதில் இல்லை. ஆண்கள் கிளப்பின் உரிமையாளர் மனது வைத்தால் உண்டு.

மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூகாசில் சாட்சி. 2022 மே 1 அன்று நான்காம் அடுக்கு ஆட்டம் ஒன்று செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் நடந்தது. எதிரணி ஆல்னிக் டவுன் என்ற சிற்றூர் கிளப். பார்க்க வந்தவர்கள் 22,134 பேர். நான்காம் அடுக்குக்கு! அடுத்த வருடம் நியூகாசில் மூன்றாம் அடுக்குக்கு ஏறியது, ஏறிய கையோடு அணி முழுவதையும் முழுநேரத் தொழில்முறையாக்கியது. அந்த அடுக்கில் முதன்முறை. 2024-ல் இரண்டாம் அடுக்கு. கூட்டம் அந்த ஊரின் பாசம், அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் முழுநேரச் சம்பளம் கிளப்பின் முக்கிய உரிமையாளரான சவூதி அரசு நிதியத்தின் பணம். அதே பிரிவில் வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடிய மற்ற பதினோரு அணிகள் அவர்களோடு எந்தச் சமதளத்தில் மோதின?

மனது வைக்காவிட்டால்? ரெடிங் மகளிர் அணி 2023 வரை முதல் அடுக்கில் ஆடியது. ஆண்கள் கிளப் கடனில் தத்தளித்தது. 2024 கோடையில் மகளிர் அணியை இரண்டாம் அடுக்கிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். போய் விழுந்தது ஐந்தாம் அடுக்கில். தோற்று விழவில்லை. ஆடாமலே மூன்று அடுக்கு. அடுத்த கோடையில் பிளாக்பர்ன் ரோவர்ஸ். புனேயின் கோழித் தொழில் நிறுவனமான வெங்கிஸ் 2010-ல் வாங்கிய கிளப் அது. 2025 மே மாதம், சூப்பர் லீக் 2-இன் நிபந்தனைகளுக்குச் செலவழிக்க முடியாது என்று விலகி, தேசிய லீக்குக்கு இறங்கியது. அந்த விலகலால் காலியான இடத்தில், கடைசி இடம் பிடித்து இறங்க வேண்டிய ஷெஃபீல்ட் யுனைடெட் தங்கிவிட்டது. இரண்டே மாதம் கழித்து, ஜூலை 27 அன்று, பாசல் நகரில் ஸ்பெயினை வென்று இங்கிலாந்து ஐரோப்பியக் கோப்பையைத் தக்கவைத்தது. அந்த அணியில் இருந்த கீரா வால்ஷ், ஜார்ஜியா ஸ்டான்வே, எல்லா டூன் மூவரும் இளவயதில் பிளாக்பர்ன் சட்டை போட்டவர்கள். கோப்பை வந்த நாளில் வாழ்த்துச் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தக் கிளப் எந்த அடுக்கில் இருக்கிறது என்று கேட்டிருப்பார்கள்?

இது புதிய நோயும் இல்லை. டான்காஸ்டர் பெல்ஸ் என்று ஓர் அணி. 1969-ல், ஆண்கள் கிளப்பின் மைதானத்தில் அரங்கத்தைச் சுற்றிப் பரிசுச் சீட்டு விற்ற பெண்கள் தொடங்கியது. 1991-ல் தேசிய அளவில் லீக் தொடங்கியபோது முதல் சாம்பியன் அவர்கள்தான். 2013 ஏப்ரலில், சூப்பர் லீக் பருவத்தின் முதல் ஆட்டம் மட்டுமே முடிந்திருந்த நிலையில், அடுத்த வருடம் உங்களுக்கு இரண்டாம் அடுக்கு என்று சங்கம் சொல்லிவிட்டது. மேல் அடுக்கில் இடம் கிடைத்தது, கீழிருந்து ஆடி வராத மான்செஸ்டர் சிட்டிக்கு. மீதிப் பருவம் முழுவதையும் தீர்ப்பு எழுதப்பட்ட பிறகு ஆடினார்கள். 2018-ல் இரண்டாம் அடுக்கின் கோப்பையை வென்றும், புதிய உரிமத்துக்கான பணம் புரளாமல், சாம்பியன்களாகவே மூன்றாம் அடுக்குக்கு இறங்கினார்கள். வுல்வ்ஸ் விவகாரத்தில் அதிர்ந்தவர்கள் இந்தப் பழைய கதையை மறந்திருக்க வேண்டும்.

உரிம முறையே வேண்டாம் என்று சிலர் பேசுகிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2021 டிசம்பர் 23 அன்று, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கையில், இரண்டாம் அடுக்கின் கவன்ட்ரி யுனைடெட் தன் வீராங்கனைகளைக் கூப்பிட்டு, ஒப்பந்தம் முடிந்தது, வேலை இல்லை என்றது. அப்போதுதான் முழுநேரமாகியிருந்த அணி. ஜனவரியில் கடைசி நேரத்தில் வேறொருவர் வாங்கிக் காப்பாற்றினார், 10 புள்ளி பறிபோனது. அந்தப் பெண்கள் கடைசி ஆட்டத்தில், 97-ஆவது நிமிடத்தில் மோலி கிரீன் அடித்த ஃப்ரீகிக்கில் வாட்ஃபர்டை வென்று தப்பியது தனிக் காவியம். கீழ் அடுக்குக் கால்பந்தில் அதற்கு இணையான பதினைந்து வினாடிகள் அதிகம் இல்லை. ஆனால் காவியத்தை நம்பி யாரும் வாடகை கட்ட முடியாது. சம்பளம் தருவேன் என்கிற கிளப்பிடம் பணம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கத்தான் வேண்டும்.

சிக்கல் நிபந்தனையில் இல்லை, அதைச் சுற்றியுள்ள மௌனத்தில் இருக்கிறது. மேலேயே தேங்கிவிடும் பணத்திலும் இருக்கிறது. பிரீமியர் லீக் மகளிர் ஆட்டத்துக்கு வட்டியில்லாமல் 2 கோடி பவுண்ட் கடன் தந்தது, முதல் இரண்டு அடுக்குகளை நடத்தும் நிறுவனத்துக்கு. மூன்றாவதுக்கு அதில் பங்கில்லை. மேலே ஏற வேண்டியவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையில் 2021-22 வரை வென்ற மகளிர் அணிக்கு 25,000 பவுண்ட், ஆண்கள் அணிக்கு 18 லட்சம். லூயிஸ் போன்ற கிளப்கள் விடாமல் கத்தியதாலும்தான் மொத்தப் பரிசுத்தொகை அடுத்த வருடம் 30 லட்சமாகவும், அதற்கடுத்த வருடம் 60 லட்சமாகவும் ஏறியது. கோப்பையின் ஆரம்பச் சுற்றுகளில் ஆடுபவை கீழ் அடுக்குக் கிளப்கள். ஒரு சுற்றில் ஜெயித்தால் வெளியூர்ப் பயணத்துக்கு பஸ் வாடகை கிடைக்கும் என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். அந்த லூயிஸ், ரசிகர்களே உரிமையாளர்களாக இருக்கும் கிளப், 2017-லேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே பட்ஜெட் என்று அறிவித்தது. 2024-ல் இரண்டாம் அடுக்கிலிருந்து இறங்கியது. நேர்மைக்குப் புள்ளி தரும் லீக் எதுவும் இல்லை.

2026-27 முதல் சூப்பர் லீக் 12-லிருந்து 14 அணிகளாகிறது. மேலே இடம் கூடினால் கீழேயும் வாசல் அகலும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் உரிமம் கேட்கிறவர் யார், கேட்காதவர் யார் என்பது இப்போதுபோலவே கிளப்புக்கும் சங்கத்துக்கும் இடையிலான ரகசியமாக இருந்தால், அகன்ற வாசலில் நுழைவதும் அதே பணக்காரர்கள்தான். சங்கம் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, காசு செலவில்லாதது. முதலிடம் பிடித்தால் மேலே போவோமா மாட்டோமா என்பதை மூன்றாம் அடுக்கின் ஒவ்வொரு கிளப்பும் பருவம் தொடங்கும் முன்பே எழுதித் தர வேண்டும். சங்கம் அந்தப் பட்டியலை வெளியிட வேண்டும். போக மாட்டோம் என்று சொல்ல கிளப்புக்கு உரிமை உண்டு. அந்தக் கிளப்புக்கு ஆட வேண்டுமா, போக விரும்பும் கிளப்புக்கு மாற வேண்டுமா என்று முடிவுசெய்ய வீராங்கனைக்கும் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது ஜூலையில், பருவச் சீட்டு விற்பது ஆகஸ்டில். அதற்குள் சொல்லிவிடலாம்.