உப்பளத்துப் பிள்ளை ஆராய்ச்சி டாக்டராக லட்சங்கள் வேண்டுமா?

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. சாலையோரம் பாத்தி பாத்தியாக உப்பளம். வெயிலில் வெள்ளை வெளேரென்று குவியல்கள்.

அதே சாலையில் இன்னும் தெற்கே போனால் காலாப்பட்டு. அங்கே புதுச்சேரிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1985-ல் ஏற்பட்டது. பவுதிகத்தில், அதாவது இயற்பியலில், எம்.எஸ்சி. வகுப்பு அங்கே உண்டு. உப்பளத்துப் பிள்ளை பஸ் ஏறிப் போய்ப் படிக்கக்கூடிய தூரம்தான்.

எம்.எஸ்சி. முடித்த பிள்ளை, "அம்மா, வெளிநாட்டில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கப் போகிறேன்" என்றால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "லட்சம் லட்சமாகக் கொட்ட நாம் எங்கே போவது?" என்பார்கள்.

ஊசி போடும் டாக்டர் வேறு. இது ஆராய்ச்சி டாக்டர். இதற்கு லட்சங்கள் கொட்ட வேண்டியதில்லை.

படிப்பா? வேலையா?

அமெரிக்காவில் பவுதிக ஆராய்ச்சிக்குச் சேரும் மாணவருக்குப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே சம்பளத்தைத் தள்ளுபடி செய்கிறது. மாதச் செலவுக்கும் பணம் தருகிறது. பதிலுக்கு மாணவர் கீழ் வகுப்புக்குப் பாடம் நடத்துவார். அல்லது புரொபசரின் ஆராய்ச்சியில் உழைப்பார். ஜெர்மனியில் பெரும்பாலும் அது சம்பளம் வாங்கும் உத்தியோகம். அங்கே எம்.எஸ்சி. முடித்திருக்க வேண்டும்.

ஆகவே, "பவுதிக டாக்டர் பட்டத்துக்கு இடம் வாங்கித் தருகிறேன், பத்து லட்சம் கொடு" என்று ஏஜெண்டு யாராவது வந்தால், வாசலோடு அனுப்பி விடுங்கள். வீட்டை அடகு வைக்காதீர்கள்.

மழையில் வரும் கஷ்டம்

அப்படியானால் கஷ்டமே இல்லையா? இருக்கிறது. அது வாசற்படியிலேயே இருக்கிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு டிசம்பர் மாதத்தில் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம். உப்பளத்தில் வேலை இராது, கூலியும் இராது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்குத் தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் தருகிறது.

ஒரே ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் ரூ.7,000-க்கு மேல் ஆகிறது! ஆங்கிலப் பரீட்சைக்குத் தனிப் பணம். கையில் காசில்லாத மாதத்தில்தான் கட்டணக் கெடு வருகிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இங்கேதான் நின்று விடுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி பல பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்கலாம். செப்டம்பரிலேயே கேட்க வேண்டும். ஜெர்மனியில் பல நிறுவனங்கள் கட்டணமே வாங்குவதில்லை. ஆங்கிலத்தில் படித்தவர்களுக்குச் சில இடங்களில் ஆங்கிலப் பரீட்சை வேண்டாம். "ஜி.ஆர்.ஈ." என்ற பரீட்சையையும் பல பவுதிகத் துறைகள் இப்போது கட்டாயமாகக் கேட்பதில்லை.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உபகாரச் சம்பளமும் இருக்கிறது. பட்டியல் சாதியினர், நிலமில்லாத விவசாயக் கூலிகள் முதலியோரின் பிள்ளைகளுக்கு அது உண்டு. ஆனால் இடம் கிடைத்த பிறகுதான் அது கைகொடுக்கும். வாசற்படியைத் தாண்ட உதவாது. விண்ணப்பக் கட்டணத்துக்கென்று அரசோ கல்லூரியோ ஒரு சிறு தொகை ஒதுக்கினால், அது பெரிய தருமம்.

பணத்தைவிடப் பெரியது

இடம் தருகிறவர்கள் முக்கியமாகப் பார்ப்பது இரண்டு. பிள்ளை தன் கையால் செய்த ஆராய்ச்சி ஒன்று. ஆசிரியர்கள் எழுதும் சிபாரிசுக் கடிதங்கள் மற்றொன்று. வழக்கமாக மூன்று கடிதம் கேட்பார்கள். "நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்று எழுதினால் போதாது. அவன் என்ன செய்தான் என்று எழுத வேண்டும்.

இது புதுக் கதை அல்ல. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார் சந்திரசேகர். மாணவராக இருந்தபோதே ஒரு கட்டுரை எழுதி, இங்கிலாந்தில் இருந்த பவுலர் என்ற புரொபசருக்கு அனுப்பினார். 1929-ல் அது லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1930-ல் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜில் அதே பவுலரிடம் சேர்ந்து, 1933-ல் டாக்டரானார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். வேலை முதலில் போயிற்று. ஆள் பின்னால் போனார்.

ஒரே கதவைத் தட்டாதீர்கள்

2025-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பணம் குறையும் என்ற கவலையில் சில பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்ட இடங்களைக் குறைத்தன. அந்த ஆண்டு மே கடைசியில் மாணவர் விசாவுக்குப் புதிய பேட்டிகள் நிறுத்தப்பட்டன. ஜூனில் மறுபடி தொடங்கின. எனவே ஐரோப்பாவுக்கும் போடுங்கள். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கும் பவுதிக ஆராய்ச்சிக்கு உதவித்தொகை உண்டு.

பெற்றோர்களே! உப்பு விளையும் மாதங்களில் கூலியில் கொஞ்சம் எடுத்துத் தனியே வையுங்கள். மழைக்கு முன்னால் அது உங்கள் பிள்ளையின் விண்ணப்பக் கட்டணம் ஆகட்டும்.