பம்பைக் கழற்றுமுன் ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்கலாகாதா?

வட்டுக்கோட்டையில் என் வீட்டு முற்றத்தில் நிற்கும் ரொயோட்டா பிறியஸ் கார் 2012இல் ஜப்பானில் செய்யப்பட்டு, பாவித்த வாகனமாக இங்கு வந்து சேர்ந்தது. சென்ற மாரியில் ஒருநாள் அதன் முன்புறத்திலிருந்து சீறல் போன்ற ஓர் ஒலி எழுந்தது. சில விநாடி ஒலிக்கும், ஓயும், மறுபடி ஒலிக்கும். பிறேக்கில் காலே வைக்காத வேளையிலும் அது அடங்கவில்லை. ஓடுவது பிறேக் பம்ப் என்பதை அறிய எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. அது ஏன் ஓடுகிறது என்று கேட்கப் போனபோதுதான் நம்மூர்த் தொழில்நேர்மையின் இலட்சணம் தெரியவந்தது.

மூன்று கராஜ்களுக்குப் போனேன். பெயர்கள் வேண்டாம். முதலாமவர் பொனற்றைத் திறக்கவுமில்லை. "ஐயா, பம்ப் செற் முழுசா மாத்தவேணும்" என்றார். அவர் கேட்ட தொகை, நான் ஓய்வுபெற்றபோது கைக்கு வந்த பணத்தில் பாதி. இரண்டாமவர் ஸ்கானரைப் பூட்டினார். சி1252 என்று காட்டியது. பம்ப் மோட்டர் வழமைக்கு மாறாக நெடுநேரம் ஓடுகிறது என்பதே அதன் பொருள். அதைத்தானே நான் வாசலில் நின்று சொன்னேன்? நோயாளி சொன்ன முறைப்பாட்டையே இலக்கத்தில் எழுதி நீட்டிவிட்டு, நோயைக் கண்டுபிடித்துவிட்டேன் என்பதா வைத்தியம்? அந்த இலக்கத்தைக் காட்டிப் பம்பையும் பூஸ்ரரையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்றார்.

மூன்றாமவர்தான் என்னை இதை எழுத வைத்தவர். "றிலேயைக் கழட்டிவிட்டால் சத்தம் நிண்டிடும். டாஷ்போர்ட்டில லைற் எரியும், அதைப் பாக்காதையுங்கோ" என்றார். நான் வாயடைத்து நின்றேன். இந்தக் கார் ஏ9 வீதியால் கொழும்புக்குப் போய்வரும் கார்.

விடயத்தைச் சற்று விளக்கிச் சொல்லவேண்டும். பழைய கார்களில் எஞ்சின் உண்டாக்கும் வெற்றிடமே பிறேக்கிற்கு உதவியாக நின்றது. ஹைபிரிட் வண்டியில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடும் என்பதால் அதை நம்ப முடியாது. ஆகவே ஒரு மின்பம்ப் பிறேக் ஒயிலை அழுத்தி, நைதரசன் வாயு அடைத்த ஒரு சேமகலத்தில் நிரப்பி வைக்கிறது. நாம் மிதிக்கையில் அந்த அழுத்தம் பூஸ்ரர் வழியாகச் சக்கரங்களுக்குச் செல்கிறது. அழுத்தம் குறைந்தால் பம்ப் ஓடும், நிறைந்தால் நிற்கும். பம்ப் அடிக்கடி ஓடுகிறதென்றால் அழுத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, அல்லது சேரவில்லை. றிலேயைக் கழற்றினால் இந்த உதவி முழுவதும் போய்விடும். பிறகு காலின் பலம் ஒன்றுதான். மாங்குளத்திலே மாடு குறுக்கே வந்தால் அது போதுமா?

காரணத்தைக் கண்டறிய ஒரு கைக்கடிகாரமே பெரும்பாலும் போதும். வண்டியை நிறுத்தி, 'ரெடி' நிலையில் வைத்து, பிறேக்கைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். நல்ல வண்டியில் பம்ப் நிமிடக்கணக்காகப் பேசாது. மிதிக்காமலே ஒரே இடைவெளியில் மீண்டும் மீண்டும் ஓடினால், பூஸ்ரரின் உள்வால்வுகளில் கசிவு என்று ஐயுறலாம். மிதிக்காதபோது அமைதியாக இருந்து, ஒரு மிதி மிதித்த உடனேயே ஒவ்வொரு முறையும் ஓடினால், சேமகலத்தில் வாயு போயிருக்கக்கூடும். ஓடிக்கொண்டேயிருந்தும் அழுத்தம் ஏறாவிட்டால் பம்ப் தேய்ந்திருக்கலாம். அழுத்தம் நிறைந்தும் நிற்காவிட்டால் றிலே ஒட்டிப்போயிருக்கலாம். ஒயில் மட்டம் இறங்கினால் வெளிக்கசிவு. ஸ்கானர் உண்மையில் உதவுவது இங்கேதான்: அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் அது கணத்துக்குக் கணம் காட்டும். மூன்றாந் தலைமுறைப் பிறியஸில் சேமகலம் பம்போடு சேர்ந்தது, பூஸ்ரர் தனியானது. எது பழுது என்று பிரித்தறிந்தால் ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். பிரித்தறியாதவன் இரண்டையும் விற்கிறான்.

நிற்க. இது அறிவில்லாத ஊரா? 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்திலே ஒஸ்ரின் ஏ40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய மண் இது. காபரேற்றருக்குள் சிறிது பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றிய அந்த மெக்கானிக்குகளுக்கு மாற்றுவதற்குப் பாகமே கிடைக்கவில்லை. அதனாலேயே காதால் கேட்டு, கையால் தொட்டு, காரணத்தைத் தேடினார்கள். இன்று பாகம் பெட்டியில் வருகிறது, தேடல் போய்விட்டது. தடைக்காலத்தை நான் விரும்பி நினைப்பதாக யாரும் எண்ணவேண்டாம், பட்டவர்களுக்குத் தெரியும்.

குற்றம் கராஜ்காரரோடு முடிவதுமில்லை. 2013 ஜூனில் ரொயோட்டா நிறுவனம் உலகெங்கும் சுமார் 242,000 பிறியஸ், லெக்சஸ் கார்களைத் திருத்தத்திற்கு மீள அழைத்தது. இதே சேமகலத்தில் வெடிப்பு விழுந்து நைதரசன் ஒயிலுக்குள் கசியலாம் என்பதே காரணம். அத்தகைய அழைப்புக் கடிதம் ஜப்பானில் பதிவான உரிமையாளருக்குப் போகும். கப்பலேறிய வண்டியை வட்டுக்கோட்டையில் வாங்கியவருக்கு யார் எழுதுவார்? செசி இலக்கத்தை நிறுவனத்தின் ஜப்பானிய இணையத்தளத்தில் இட்டால் தெரிந்துவிடும். என் வண்டி அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் எனக்கு விற்றவரும் அதைப் பார்க்கவில்லை, வாங்கிய நானும் பார்க்கவில்லை. செய்தி போடுமுன் இருவரிடம் விசாரி என்று புதிய நிருபர்களுக்கு ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த நான், கார் வாங்குகையில் மைலேஜையும் நிறத்தையும் பார்த்தேன்.

நாலாவதாக, சித்தங்கேணிப் பக்கம் ஒரு முதியவரிடம் கொண்டுபோனேன். அவர் கதவைச் சாத்தி, உள்ளே அமர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தார். மிதிக்காமலே நாற்பது விநாடிக்கு ஒருமுறை ஓடியது. "பம்ப் பாவம், அது தன்ர வேலையைச் செய்யுது" என்றார். ஸ்கானரிலும் பார்த்து உறுதி செய்தபின், பூஸ்ரரை மட்டும் மாற்றி, ஸ்கானரின் துணையோடு காற்றெடுத்தார். பழைய பம்ப் இன்றும் வண்டியிலேயே இருக்கிறது. தேவையானபோது மட்டும் ஓடுகிறது.

சத்தம் நின்றுவிட்டது என்று சொல்லி யாராவது உங்கள் வண்டியைத் திருப்பித் தந்தால், முகப்பு விளக்குகளைப் பாருங்கள். பிறகு பொனற்றைத் திறந்து, றிலே அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.