பொறித்தவன் எவன்?

ரகரமிட்டுப் பொரித்தால் அப்பளம். றகரமிட்டுப் பொறித்தால் கல்லெழுத்து. ஓரெழுத்து மாறினால் சட்டி இருந்த இடத்தில் உளி வந்து நிற்கும். இப்பிழையைத் திருத்துவது எளிது. அச்சொல்லின் மீது ஏற்றிவைத்திருக்கும் மூடநம்பிக்கையை இறக்குவதுதான் அரிது!

பொறித்தல் என்றால் என்ன? கடினமான பரப்பில் அழியாத அடையாளத்தைப் பதித்தல். கீறுதல் மேற்பரப்போடு நிற்பது; செதுக்குதல் வேண்டாததை நீக்கி வடிவம் தருவது; குடைதல் உள்நோக்கித் தோண்டுவது. நான்கிற்கும் பொதுவானது ஒன்றுண்டு: செய்பவன் வேண்டும், கருவி வேண்டும், உழைப்பு வேண்டும். கீழடியின் பானையோடுகளில் ஆதன், குவிரன் என்னும் பெயர்களைக் கீறியவை மனிதக் கைகள். மதுரை மாங்குளத்துக் குகைத்தளத்தில் தமிழெழுத்தை வெட்டியவையும் மனிதக் கைகளே.

அப்படியானால், தலையில் பொறித்த எழுத்து என்கிறார்களே, அதைப் பொறித்தவன் எவன்? பிரமன் என்பர். சான்று எங்கே என்றால், மண்டையோட்டின் வளைகோடுகளைக் காட்டுவர். அந்தோ, பேதைமையே! அவை எலும்புகள் ஒன்றோடொன்று இணையும் பொருத்துவாய்கள். குழந்தையின் மூளை வளர இடம் தருவதற்காக அவ்வெலும்புகள் பிறவியில் ஒட்டாதிருக்கின்றன. அக்கோடுகள் அரசன் தலையிலும் உண்டு. ஆண்டி தலையிலும் உண்டு. குரங்கின் தலையிலும் உண்டு. குரங்குக்கும் விதி எழுதினானோ பிரமன்?

வள்ளுவரைத் துணைக்கு அழைப்பாரும் உளர். 618ஆம் குறளில் வரும் 'பொறி' என்ற சொல்லுக்கு விதி என்று உரை கண்டார் பரிமேலழகர். உடலுறுப்பு என்று கொள்வாரும் உண்டு. எப்பொருள் கொண்டாலும், அஃது இல்லாமையை வள்ளுவர் பழிக்கவில்லை. அறிய வேண்டியதை அறிந்து முயலாமையையே பழிக்கிறார். அந்த அதிகாரத்தின் பெயரே ஆள்வினையுடைமை!

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. தேர்வில் ஒரு முறை தோற்ற பெண்ணை, "அவள் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிப் பள்ளியிலிருந்து நிறுத்துகிறார்கள். சில திங்களில் மறுதேர்வு உண்டு. ஏட்டில் திருத்தக்கூடிய தோல்வியை எலும்பில் வெட்டியதாகச் சொல்லி, ஒரு வாழ்வையே முடக்கிவிடுகிறார்கள். நிறுத்தியவர் தந்தை, காரணம் வறுமை, அல்லது பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்னும் பழமை. பழியோ, இல்லாத பிரமன் மீது!

இளைஞர்களே! தலையில் பொறிக்கப்பட்டது என்று எவரேனும் கூறினால், அவ்வினைக்கு எழுவாய் எங்கே என்று கேளுங்கள். விடை வராது. அந்தப் பெண்ணின் கையில் மறுதேர்வு விண்ணப்பத்தைக் கொடுங்கள். அவள் பெயரை அவளே எழுதட்டும்.