ஆடுவதற்கு முன்னால் அரை நிமிடம்!

கொட்டாரம் பக்கத்துப் பாட்டிமார் கூப்பிடுவது போல நானும் உங்களை 'மக்ளே' என்றே கூப்பிடுகிறேன். சரிதானே?

மக்ளே, ஆகஸ்ட் 15 வந்தால் எங்கள் பக்கம் பள்ளிக்கூட மைதானங்களில் மைக் செட் அலறும். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடித்ததும் நடனம். என்ன பாட்டு? பெரும்பாலும் ஏ.ஆர்.ரஹ்மானின், 'தாய் மண்ணே வணக்கம்' தான். நீங்களும் ஆடியிருப்பீர்கள். அது எந்தப் படத்துப் பாட்டு என்று கேட்டால் மட்டும் திருதிருவென விழிப்பீர்கள். எந்தப் படத்துக்காகவும் போட்ட பாட்டு அல்ல அது!

நாடு விடுதலை பெற்று 50 ஆண்டுகள் நிறைந்தது 1997ல். அதற்காக வெளிவந்த, 'வந்தே மாதரம்' என்ற தனி இசை ஆல்பத்தில் உள்ள பாட்டு இது. ரஹ்மானுக்கு அப்போது வயது 30. விளம்பரப் படங்கள் எடுத்துவந்த அவருடைய நண்பர் பரத் பாலாவும் சேர்ந்து உருவாக்கிய ஆல்பம். பாலாவின் அப்பா சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டவர். 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வந்தே மாதரம் செய்யேன்' என்று மகனிடம் கேட்டாராம். தொடக்கம் அதுதான்.

பாட்டு பதிவான கதை இன்னும் வேடிக்கை. ரம்ஜான் மாதத்தில் ஒருநாள், இரவு 2 மணிக்கு ரஹ்மான் கூப்பிட்டிருக்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால், ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் இல்லை. பாலாவையே பொத்தானை அமுக்கச் சொல்லிவிட்டு, ரஹ்மான் பாடத் தொடங்கிவிட்டார். இதை பாலாவே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நான் சொல்லவந்தது இதற்கு அடுத்த விஷயம். அதே ஆல்பத்தில், 'குருஸ் ஆஃப் பீஸ்' என்று ஒரு பாட்டு இருக்கிறது. 'அமைதியின் குருமார்கள்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை ரஹ்மானோடு சேர்ந்து பாடியவர் நஸ்ரத் ஃபதே அலி கான். பாகிஸ்தானின் புகழ்பெற்ற கவ்வாலிப் பாடகர்! அவர் குடும்பத்தின் பூர்வீகம் இந்தியப் பஞ்சாபில் உள்ள ஜலந்தர். பிரிவினையின்போது அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஆல்பம் வெளிவந்தது 1997 ஆகஸ்டில். அதே மாதம் 16ம் தேதி, லண்டன் மருத்துவமனை ஒன்றில் அவர் காலமானார். வயது 48தான்.

இந்தப் பாட்டை எந்தப் பள்ளி மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. நடனம் முடிந்ததும், அதே மேடையில் அட்டைத் துப்பாக்கியோடு பாகிஸ்தான்காரரைச் சுட்டு வீழ்த்தும் நாடகத்தைத்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சரியாகப் படவில்லை. எல்லையில் நிற்கும் நம் வீரர்களைப் பற்றி நாடகம் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால், நம் சுதந்திரப் பொன்விழாவுக்குப் பாடிக் கொடுத்த மனிதரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் விடுவது என்ன நியாயம்?

'சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு?' என்பார்கள் சில பெரியவர்கள். சொன்னால் உங்களுக்குப் புரியும். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கிழக்கு பாகிஸ்தானில் இருந்து லட்சக்கணக்கான அகதிகள் நம் நாட்டுக்கு ஓடிவந்தது 1971ல். சிதார் மேதை ரவிசங்கர், பீட்டில்ஸ் இசைக்குழுவில் இருந்த தன் நண்பர் ஜார்ஜ் ஹாரிசனிடம் உதவி கேட்டார். ஆகஸ்ட் 1ம் தேதி நியூயார்க்கில் பெரிய ராக் கச்சேரி நடந்தது. ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததுமே கூட்டம் கைதட்டிவிட்டது! 'இதுவே பிடித்ததென்றால், வாசிப்பதும் பிடிக்கும்' என்கிற மாதிரி அவர் சொல்ல, சிரிப்பலை. அதுவும் அந்த ரெக்கார்டில் பதிவாகி இருக்கிறது. அட்டையில் இருந்தது பாடகர் படம் அல்ல. காலித் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையின் படம். எதற்காகப் பாடினார்கள் என்று அட்டையைப் பார்த்தாலே தெரியும்.

கேசட் காலத்தில் நமக்கும் அட்டை இருந்தது, பெயர்கள் இருந்தன. இப்போது போனில் பாட்டு மட்டும் வருகிறது. ஆகவே, அட்டையின் வேலையை நீங்கள்தான் செய்ய வேண்டும். வரும் ஆகஸ்ட் 15ல் மைக் பிடிப்பவர் நீங்கள் என்றால், இசை யார், எந்த ஆண்டு, அந்த ஆல்பத்தில் கூடப் பாடியவர் எந்த நாட்டுக்காரர் என்று மூன்றே வரி சொல்லுங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. அதற்குள் ஆடுகிறவர்கள் வரிசையில் வந்து நின்றுவிடுவார்கள்.