ஒரே கணுக்கால், இரண்டு கணக்கு



கால் எப்படி இருக்கிறது என்று ஒன்றரை மாதமாகத் தினமும் யாராவது ஒருவர் கேட்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. நேற்று ஊன்றுகோல் இல்லாமல் பால் பூத்து வரை நடந்து வந்தேன். ஆனால் இன்று எழுத வந்தது என் காலைப் பற்றி அல்ல. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். படித்தால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

வாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி என் வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. அதே வாரம் எங்கள் பின்பக்க லைன் வீட்டில் குடியிருக்கும் பெண்ணுக்கும் வலது கணுக்கால் மடங்கியது. ஓவர்லாக் டெய்லர். திருமங்கலம் பக்கம் சொந்த ஊர். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி கம்பெனி வேனில் இருந்து இறங்கும்போது சாக்கடைப் பலகை இடைவெளியில் கால் போய்விட்டது.

எனக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, வெளிப்பக்க லிகமென்ட் பாதி கிழிந்திருக்கிறது, ஆறு வாரம் ஆகும் என்றார் டாக்டர். முதல் மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் கால். பிறகு வலி தாங்குகிற அளவுக்கு மெல்ல ஊன்றி நடை. நான்காவது வாரத்தில் இருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி. நீங்கள் எல்லாம் ஹார்லிக்ஸும் பழமுமாக வந்து பார்த்தீர்கள். ஒன்றாம் தேதி பென்ஷன் வந்தது.

அவளுக்கு என்ன நடந்தது? மறுநாளே ஒருவர் வந்து எண்ணெய் போட்டு நீவிவிட்டார். வீக்கம் இரண்டு மடங்கானது. எக்ஸ்ரே இல்லை. ஐந்தாம் நாள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள். "சனிக்கிழமை சம்பளம் வந்தாத்தானே குழுக்கடன் கட்ட முடியும் டீச்சரம்மா" என்றாள். பீஸ் ரேட். தைத்தால்தான் காசு.

பவர் மெஷின் கையால் ஓடுவதில்லை, காலால் ஓடுகிறது. பெடலை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று டெய்லரைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலைத்தான் ஐந்தாம் நாள் பெடலில் வைத்தாள். இரண்டாவது வாரம் கழிவறைப் படியில் மறுபடியும் மடங்கியது. இப்போது தோடு அடகுக் கடையில், கால் கட்டில் மேல். சமதரையில் நடந்தாலே கால் நழுவுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள்.

வயதில் நான் அவளைவிட முப்பது வருஷம் மூத்தவள். என் கால் ஆறிவிட்டது, அவள் கால் ஆறவில்லை. எனக்கு ஆறு வாரம் இருந்தது, அவளுக்கு நான்கு நாள்தான் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி கம்பெனி வைத்திருக்கும் என் மாணவர்களுக்கு.

அவள் வேலை செய்யும் கம்பெனி உங்களில் ஒருவருடையது. பெயர் போட மாட்டேன். வகுப்பில் கூட யாரையும் பெயர் சொல்லி அவமானப்படுத்தியது இல்லை. போன் செய்து கேட்டேன். "வேன்ல இருந்து இறங்கி ரோட்டுல விழுந்ததுக்குக் கம்பெனி எப்படிங்க டீச்சர் பொறுப்பாகும்?" என்றாய்.

ஆகும் சாமி. 2010ல் ஈஎஸ்ஐ சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டில் இருந்து வேலைக்கு வரும் வழியிலும், வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலும் நடக்கிற விபத்து, நேரமும் இடமும் வேலையோடு பொருந்தி வந்தால், வேலையில் நடந்த விபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அவள் இறங்கியது உன் கம்பெனி வேனில் இருந்து. இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்?

கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். நாள் சம்பளம் 400 ரூபாய், மாதம் 26 நாள் என்று வைத்துக்கொள். மாதம் 10,400. அதில் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 78 ரூபாய். உன் பங்கு 3.25 சதவீதம், அதாவது 338 ரூபாய். வேலையில் அடிபட்டால் வேலைக்குப் போக முடியாத நாளெல்லாம் கூலியில் 90 சதவீதத்தை ஈஎஸ்ஐ கொடுக்கும். ஒரு நாளைக்கு 360. ஆறு வாரத்துக்கு 15,120 ரூபாய். இதில் உன் கல்லாவில் இருந்து போவது எவ்வளவு? பூஜ்யம். மாதாமாதம் கட்டியதைத் தவிர நீ செய்ய வேண்டியது, விபத்துப் பதிவேட்டில் எழுதி, விபத்து அறிக்கை ஒன்றை அனுப்புவது மட்டும்.

இவ்வளவு சுலபமானதை ஏன் செய்யவில்லை? அதுவும் எனக்குத் தெரியும். அவள் உன் ரோலில் இல்லை. கான்ட்ராக்டர் ஆள் என்று சொல்லிவிட்டாய். விபத்து என்று எழுதினால், இவள் யார், எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள் என்று கேள்வி வரும். ஒரு பெண்ணின் கால் ஆறாமல் போனதற்குக் காரணம் லிகமென்ட் இல்லை, உன் ரிஜிஸ்டர். கான்ட்ராக்டர் கூட்டி வந்த ஆளாக இருந்தாலும் பங்குத் தொகைக்கு முதல் பொறுப்பு உன் கம்பெனிதான். அதையும் சட்டம்தான் சொல்கிறது.

"வரி வந்து தொழிலே படுத்துடுச்சு டீச்சர்" என்பாய். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது உங்களில் பலர் தூக்கமில்லாமல் இருந்தது எனக்குத் தெரியும். உங்களுக்காகக் கும்பிட்டவள் நான். ஆனால் 2024-25ல் இந்த ஊர் சுமார் 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்ததே, அப்போது மட்டும் அடிபட்ட டெய்லருக்கு ஃபார்ம் எழுதினீர்களா? நல்ல காலத்தில் நேரமில்லை, கெட்ட காலத்தில் காசில்லை. இது எந்தக் கணக்கிலும் சேராது.

1984ல் பஞ்சப்படிக்காக இந்த ஊர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று மெஷினை விட்டுவிட்டு நின்றவர்களின் பிள்ளைகள் உங்களில் எத்தனை பேர் இன்று கம்பெனி வைத்திருக்கிறீர்கள்! அப்பா மிதித்த பெடலை மறந்துவிடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

டெய்லர், செக்கிங், கைமடி, அயர்ன் வேலைக்குப் போகும் என் பிள்ளைகளுக்கும் சொந்தக்காரர்களுக்கும்.

கால் மடங்கினால் முதல் மூன்று நாள் நீவ விடாதீர்கள், சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். உள்ளே கசிகிற ரத்தமும் வீக்கமும் அதிகமாகும். நான்கு எட்டு எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் முட்டி எலும்பின் நுனியிலோ பின்பக்க ஓரத்திலோ தொட்டால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுக்காமல் யாரிடமும் கட்டுப் போடாதீர்கள். வலி போனதும் கால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். நிலை தவறாமல் நிற்கும் பழக்கம் காலுக்குத் திரும்ப வர வேண்டும். அதற்குத்தான் ஒற்றைக்கால் பயிற்சி. அதைச் செய்யாதவர்களுக்கு அதே கால் மறுபடி மடங்குகிறது.

ஈஎஸ்ஐ நம்பர் இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். அடிபட்டால் அன்றைக்கே சூப்பர்வைசரிடம் சொல்லி எழுத வையுங்கள். கூட இருந்தவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்பென்சரியில் சர்டிபிகேட் வாங்குங்கள். வீட்டில் வழுக்கி விழுந்தாலும், தேவையான நாள் பங்கு கட்டியிருந்தால், நோய்க்கால உதவியாக 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை உண்டு. அது யாரும் போடுகிற பிச்சை இல்லை. மாதாமாதம் உங்கள் கூலியில் பிடித்த காசு அதில் இருக்கிறது.

இன்னொன்று, சொந்தபந்தங்களுக்கு மட்டும். எனக்கு "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொன்ன அதே வாய், பின் வீட்டுப் பெண்ணிடம் "சும்மா பிசகுதான், ரெண்டு நாள்ல நடந்துருவ" என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

கடைசியாக உனக்கு. இதை நீ படிப்பாய் என்று தெரியும், என் பதிவை எல்லாம் முதலில் லைக் போடுகிறவன் நீதான். இந்தத் தடவை லைக் வேண்டாம். தாமதமானாலும் பரவாயில்லை, விபத்து அறிக்கையை எழுதி எடுத்துக்கொண்டு வா. முகவரி தெரியும். என் வீட்டைத் தாண்டி, பின்பக்கம் மூன்றாவது கதவு.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்