மலைச் சரிவில் புல் வெட்ட எந்த மெஷின்? ஜவ்வாது மலைக்காரர்கள் கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

ஜூன் மாதம் நாலு நல்ல மழை விழுந்தால் போதும், ஜவ்வாது மலையில் தரை தெரியாது. ரெண்டு வாரத்தில் கணுக்கால், ஒரு மாதத்தில் முழங்கால், ஆடி முடிவதற்குள் இடுப்பு. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை போளூர் வழியாகவோ ஆலங்காயம் வழியாகவோ மலையேறுகிறவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இதே காட்சிதான். பூர்வீக நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள், பண்ணை விடுதி நடத்துகிறவர்கள், தோப்பு வைத்திருப்பவர்கள் என எல்லோரும் கடைசியில் செல்போனில் ஒரே விஷயத்தைத் தேடுகிறார்கள். அமெரிக்க வீடியோக்களில் வருமே, மேலே உட்கார்ந்து சின்ன கார் மாதிரி ஓட்டிக்கொண்டே புல் வெட்டும் மெஷின், அதுதான். “அது ஒண்ணு வாங்கிட்டா மூணு ஏக்கரையும் ஒரே காலையில முடிச்சிடலாமே” என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால், அந்த மெஷின் வேறு மாதிரியான மண்ணுக்காகப் பிறந்தது.

புல்வெட்டும் இயந்திரம் 1830-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் உருவாக்கியது. துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் உருளைக் கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது. துணி மாதிரி சமமான பரப்பைச் சீவுவதுதான் அதன் ஆதி வேலை. இருநூறு ஆண்டுகளில் எஞ்சின் வந்தது, இருக்கை வந்தது, ஸ்டீயரிங் வந்தது. தரை சமமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் பெரிதாக மாறவில்லை.

ஜவ்வாது மலை அப்படிப்பட்ட இடம் இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதி திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் விரிந்து கிடக்கிறது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஜமுனாமரத்தூர் பக்கம் பள்ளத்தாக்குகளில் கொஞ்சம் சமநிலம் உண்டு. மற்றபடி சாமை விளையும் கொல்லைகளில் பெரும்பாலானவை சரிவுதான். இடையில் கல் வரப்பு, புல்லுக்குள் மறைந்த பாறை, கரையான் புற்று, மழை நீர் அறுத்த ஓடை. மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மேடு பள்ளத்துக்கு ஏற்றபடிதான் ஏரும் அரிவாளும் பிடித்து வந்திருக்கிறார்கள்.

பத்தடிக் கழி சொல்லும் பதில்

உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டியின் கையேட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரு எண் கண்ணில் படும்: 15 டிகிரி. அதற்கு மேல் சரிவு இருந்தால் ஓட்டாதே என்பது பொருள். சில மாடல்களுக்கு 10 டிகிரிதான். விற்பனை விளம்பரத்தில் குதிரைத்திறன் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த எண் இருக்காது.

15 டிகிரி என்றால் எவ்வளவு என்று கண்ணால் சொல்வது கடினம். பத்தடி நீளமுள்ள நேரான கழி ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சரிவின் மேல்பக்கம் தரையில் வைத்து, ரசமட்டம் கொண்டு கழியைக் கிடைமட்டமாகப் பிடிக்க வேண்டும். மறுமுனைக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 2 அடி 8 அங்குலம் வந்தால் அது 15 டிகிரி. 1 அடி 9 அங்குலம் என்றால் 10 டிகிரி. செல்போனில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியைக் கழியின் மேல் வைத்தும் பார்க்கலாம். நிலத்தில் ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டு வந்துவிடக் கூடாது. ஆளைக் கவிழ்ப்பது நிலத்தின் சராசரி சரிவு இல்லை, அதிலேயே மோசமான பத்தடிதான்.

அந்தப் பத்தடியில் என்ன நடக்கிறது? இந்த வண்டிகள் குள்ளமானவை, அகலமும் குறைவு. சரிவுக்குக் குறுக்கே போகும்போது மேல்பக்கச் சக்கரம் ஒரு கல் மீது ஏறினாலோ, கீழ்பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கினாலோ சாய்வு சட்டென்று கூடிவிடும். ஈரப் புல்லில் பிரேக் பிடித்தும் பயனில்லை, டயர் வழுக்கிக்கொண்டே போகும். அதனால்தான் உட்கார்ந்து ஓட்டும் வண்டியை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டக் கூடாது, சரிவின் நடுவில் திருப்பக் கூடாது என்கிறார்கள். நடந்து தள்ளும் மெஷினுக்கு நேர் எதிர் விதி: குறுக்கேதான் போக வேண்டும். இரண்டு கைப்பிடிகளால் நின்ற இடத்திலேயே சுழலும் ‘ஜீரோ டர்ன்’ வகை இன்னும் சிக்கல். அதன் முன்சக்கரங்கள் சும்மா உருளுபவை, திசை திருப்பும் வேலை முழுக்கப் பின்சக்கரங்களுடையது. அவை பிடி இழந்தால் வண்டி போகிற இடத்துக்கு ஓட்டுநரும் போக வேண்டியதுதான். பார்க்க ஸ்டைலாக இருக்கிறது என்பதற்காக மலைக்கு இதை ஏற்றுவது வேண்டாத வேலை.

வண்டி கவிழ்வது உலகம் முழுக்கப் பழைய பிரச்சினை. சுவீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களில், வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே கவிழ்ந்து சாவது வெகுவாகக் குறைந்தது. குறைந்த விலைப் புல்வெட்டி வண்டிகள் பலவற்றில் இந்தச் சட்டகம் இருப்பதில்லை. விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

வருஷத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்

சரி, நிலம் 10 டிகிரிக்குள் அடங்கிவிட்டது, கல்லும் பொறுக்கியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி பணம்.

கணக்குக்கு மூன்று ஏக்கர் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு நாலு முறை வெட்டினால் மொத்தம் 12 ஏக்கர். 42 அங்குல அகலம் வெட்டும் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் போனால், திருப்பங்களையும் மரங்களையும் கழித்து மணிக்கு ஒரு ஏக்கர் முடிக்கும். ஆக, வருஷத்தில் அந்த மெஷினுக்கு 12 மணி நேர வேலை. மீதி நாளெல்லாம் கொட்டகையில் எலிக்கு வீடு. மூன்றரை லட்சம் கொடுத்து வாங்கியதாக வைத்தால், பத்து வருஷத்தில் 120 மணி நேரம். முதலீடு மட்டுமே மணிக்கு 2,900 ரூபாய்க்கு மேல். பெட்ரோல், பெல்ட், பிளேடு, பேட்டரி தனி. மலையிலிருந்து சர்வீஸுக்கு இறக்கி ஏற்றும் வண்டி வாடகை அதைவிடத் தனி.

இப்போது தோளில் மாட்டும் பிரஷ் கட்டர். தரமான நாலு ஸ்ட்ரோக் மெஷின் ஒன்று 25,000 ரூபாய் என்று வைக்கலாம். பழகிய ஆள் ஒருவர் நாளுக்கு அரை ஏக்கர் வெட்டினால் 12 ஏக்கருக்கு 24 ஆள் நாள். கூலி ஆயிரம் ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24,000. பத்து வருஷத்தில் கூலி 2.4 லட்சம், இரண்டு மெஷின் 50,000, ஆக 2.9 லட்சம், அதோடு பெட்ரோல். முதல் கணக்கோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் ஒன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கூலி ஏறினால் இன்னும் நெருங்கிவிடும்.

ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒன்றில் மூன்றரை லட்சமும் முதல் நாளே நகரத்து ஷோரூமுக்குப் போகிறது, பெரும்பாலும் கடனாக. இன்னொன்றில் ஆண்டுக்கு 24 நாள் கூலி ஜமுனாமரத்தூர் சுற்றுவட்டாரத்துக் குடும்பங்களிடம் போய்ச் சேருகிறது. வேலை தேடித் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் மலையை விட்டு இறங்குகிறவர்கள் உள்ள ஊரில் இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது. பிரஷ் கட்டர் கல் வரப்பு ஓரத்திலும் மா மரத்தடியிலும் 25 டிகிரிச் சரிவிலும் போகும் என்பது கூடுதல் லாபம். அங்கெல்லாம் வண்டி இருந்தாலும் எப்படியும் ஆள் வைத்துத்தான் வெட்ட வேண்டும்.

ஆள் வைப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள்: பாதுகாப்புச் செலவு முதலாளியுடையது. கண் கவசம், முழங்கால் வரை கவசம், பூட்ஸ், காது அடைப்பான் இல்லாமல் மெஷினைக் கையில் கொடுக்கக் கூடாது. வெட்டும் இடத்திலிருந்து 15 மீட்டருக்குள் வேறு யாரும் நிற்கக் கூடாது. சின்னக் கல்கூடத் தோட்டா மாதிரி பறக்கும். கல் நிறைந்த இடத்தில் நைலான் நரம்பு, உண்ணிச்செடி போன்ற தடித்த தண்டுக்கு மட்டும் இரும்புப் பிளேடு. பிளேடு பாறையில் பட்டால் மெஷின் ஆளையே உதறித் திருப்பிவிடும். இரண்டு ஸ்ட்ரோக் மெஷின் வாங்கினால் ஆயில் கலவையைக் கம்பெனி சொன்ன அளவில்தான் கலக்க வேண்டும். “கையளவா ஊத்திக்கலாம்” என்றால் எஞ்சின் ஒரு சீசன் தாண்டாது. மாதக்கணக்கில் நிறுத்தும்போது டாங்கில் பெட்ரோல் விடாதீர்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு கார்புரேட்டரை அடைத்துவிடும்.

டிராக்டர் வேறு கதை

புல் வெட்டுவது மட்டும் வேலை இல்லை, உழவும் உண்டு, எரு ஏற்ற வேண்டும், தண்ணீர் டாங்க் இழுக்க வேண்டும் என்பவர்கள் மினி டிராக்டரைப் பார்ப்பது புத்திசாலித்தனம். மஹிந்திரா, ஸ்வராஜ், வி.எஸ்.டி., குபோட்டா என 15 முதல் 25 குதிரைத்திறனுக்குள் நிறைய மாடல்கள் இருக்கின்றன. பின்னால் சுழல் கத்தி பொருத்தினால் இடுப்பளவு புல்லும் படுத்துவிடும். விலை உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டிக்குப் பக்கத்தில்தான் வரும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தும் இருக்கிறது. மலைக்கு நாலு சக்கர இழுவை அவசியம். இரு சக்கர இழுவையில் மிச்சமாகும் பணம் முதல் மழைக்கே கண்ணீராகும். குறுகலான டிராக்டரும் கவிழும் என்பதால் பாதுகாப்புச் சட்டகம் உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

விவசாயம் செய்பவர்களுக்கு மானியமும் உண்டு. 2014-15-ல் தொடங்கிய மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் பொதுவாக 40 சதவீதமும், சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 சதவீதமும், உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியினச் சிறு, குறு விவசாயிகளுக்குத் தமிழக அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. மலையில் பூர்வீக நிலம் உள்ள மலையாளி இளைஞர்கள் கடன் வாங்கும் முன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் இதைக் கேட்டுவிட வேண்டும். வாங்கவே வேண்டாம் என்றால் உழவன் செயலியில் இ-வாடகை மூலம் அந்தத் துறையின் இயந்திரங்களை மணிக் கணக்கில் எடுக்கலாம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வாடகையைவிடப் பொருத்தமான வழி இல்லை.

அப்படியானால் உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி யாருக்குத்தான்? சமமான, கல் இல்லாத, ஒரு ஏக்கருக்கு மேல் உள்ள புல்தரையை வாரா வாரம் வெட்ட வேண்டியவர்களுக்கு. கல்லூரி மைதானம், பெரிய விடுதியின் முன்புறம், விளையாட்டுத் திடல். அவர்களுக்கு அது லாபமான மெஷின்.

மெஷினே வேண்டாம் என்ற வழியும் இருக்கிறது. கீழே சமவெளியில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போடுவது போல, அக்கம்பக்கத்து ஆடு மாடுகளை முறை வைத்து மேய விடலாம். செம்மறி புல்லை மேயும், வெள்ளாடு தழையையும் புதரையும் கடிக்கும். கன்று வைத்த முதல் இரண்டு வருஷம் மட்டும் இதற்கு இடமில்லை. வெள்ளாட்டுக்குக் கன்றும் தழைதான்.

எதை வைத்து வெட்டினாலும் தை பிறந்ததும் ஒரு வெட்டு கட்டாயம். பிப்ரவரியிலிருந்து மலையில் காட்டுத்தீக் காலம். காய்ந்த புல் வீடு வரைக்கும் நெருப்பைக் கொண்டுவந்துவிடும். மொத்த நிலத்தையும் மொட்டையடிக்கத் தேவையில்லை. அப்படிச் செய்தால் அடுத்த மழைக்கு மேல்மண் ஓடையில் போய்விடும். வீட்டைச் சுற்றியும், காட்டை ஒட்டிய எல்லையின் உள்பக்கத்திலும் அகலமான பட்டையாக வெட்டி, வெட்டிய புல்லை அங்கேயே போடாமல் அள்ளிவிட வேண்டும். மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னால் அவரே வந்து கட்டிக்கொண்டு போவார். எல்லைக்கல்லைத் தாண்டிக் காப்புக்காட்டுக்குள் மட்டும் மெஷினோடு கால் வைக்கக் கூடாது, அது வனக் குற்றம்.

மலையில் புதிதாக நிலம் வாங்கி, பிறகு மெஷின் வாங்கலாம் என்று இருப்பவர்கள் இரண்டையும் நிறுத்திவிட்டு முதலில் பட்டாவைப் படிக்கட்டும். பழங்குடி மக்களுக்கு நிபந்தனையோடு ஒப்படைக்கப்பட்ட நிலத்தைப் பழங்குடியினர் அல்லாதவர் பெயருக்கு மாற்றத் தடை உண்டு. புரோக்கர் இதைச் சொல்ல மாட்டார், வட்டாட்சியர் அலுவலகத்தில் சொல்வார்கள்.