முதல் ஆண்டு விலையும் நான்காம் ஆண்டு பில்லும்

மாதம் நூறு ரூபாய்க்கும் குறைந்த கட்டணத்தில் இணையதளத்துக்கு இடம் தரும் ‘ஷேர்டு ஹோஸ்டிங்’ சேவை இல்லாவிட்டால், சிறு ஜவுளிக் கடைகளும் டியூஷன் சென்டர்களும் சிற்றிதழ்களும் சொந்த முகவரியோடு இணையத்துக்கு வந்திருக்க முடியாது. மலிவாக விற்பதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இச்சேவையை வாங்கியவர்களின் புகார்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: உண்மையான விலை என்ன, வரம்பு எவ்வளவு, பொறுப்பு யாருடையது என்பவை பணம் கட்டிய பிறகுதான் தெரியவருகின்றன. அவற்றை முன்கூட்டியே சொல்லவைப்பது அரசின் கடமை. அதற்கான விதிகளில் பெரும்பகுதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் மாதக் கட்டணத்தை மாதாமாதம் கட்ட முடியாது. மூன்று, நான்கு ஆண்டுகளுக்கான தொகையை மொத்தமாகக் கட்டுபவருக்கே அந்த விலை. பணம் செலுத்தும் பக்கத்தில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேரும். பேக்கப், வைரஸ் பாதுகாப்பு போன்ற துணைச் சேவைகள் கேட்காமலே ‘டிக்’ செய்யப்பட்டிருப்பதும் உண்டு. தளத்தின் தகவல் பரிமாற்றத்தைக் குறியாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனியே பணம் கேட்பவர்களும் இருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு 2015 முதல் அதை இலவசமாகத் தருவதை அந்தப் பக்கம் சொல்லாது. காலம் முடிந்து புதுப்பிக்கும்போது கட்டணம் இரு மடங்கு, மும்மடங்கு ஆவது இத்தொழிலில் சாதாரணம். தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாட்டில், 24 மணி நேரத்துக்கு முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நல்ல விதிதான். ஆனால், இணையதளத்தையும் மின்னஞ்சல்களையும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற அந்த ஒரு நாள் போதாது என்பதால், தகவல் வந்தும் பலர் புது விலையைக் கட்டியே தீர வேண்டியிருக்கிறது.

அடுத்தது ‘அன்லிமிடெட்’ என்ற வாக்குறுதி. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் வைக்கப்படுகின்றன. எல்லாரும் ஒரே நேரத்தில் முழு அளவில் பயன்படுத்த மாட்டார்கள் என்ற கணக்கில், இருக்கும் வசதியைவிட அதிகமாக விற்கிறார்கள். ஒரே மேல்நிலைத் தொட்டியை நம்பி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு வீடு மோட்டார் போட்டு இழுத்தால் மற்றவர்களுக்கு நேர்வதுதான் இங்கும் நேரும். எனவே வரம்பில்லை என்று சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தின் உள்ளே வேறு பெயர்களில் வரம்பு வைக்கிறார்கள். சேமிப்பு இடத்துக்கு எல்லை சொல்லமாட்டார்கள். ஆனால் கோப்புகளின் எண்ணிக்கைக்கு ‘ஐநோடு’ என்ற கணக்கு உண்டு. சேமித்து வைத்த ஒவ்வொரு மின்னஞ்சலும் அதில் ஒரு கோப்பாக எண்ணப்படலாம். சி.பி.யு. நேரம், நினைவகம், ஒரே சமயத்தில் நடக்கும் செயல்பாடுகள் ஆகியவற்றுக்கும் உச்சவரம்பு இருக்கும். தீபாவளி விற்பனையில் கூட்டம் வந்தால் தளம் படுத்துவிடும்; உதவி கேட்டு சாட்டில் போனால், அடுத்த பிளானுக்கு மாறச் சொல்வார்கள். ஒரே ஐ.பி. முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் யாரோ ஒருவர் ஸ்பேம் அனுப்பியதற்காக, மற்றவர்களின் இன்வாய்ஸ்கூட வாங்குபவரின் ஸ்பேம் பெட்டிக்குப் போவது தனித் தொல்லை.

99.9 சதவீத நேரம் தளம் இயங்கும் என்ற உத்தரவாதமும் கணக்குப் போட்டுப் பார்க்கத் தக்கது. ஆண்டுக்கு 8 மணி 45 நிமிடம் வரை தளம் முடங்கினாலும் உத்தரவாதம் மீறப்பட்டதாக ஆகாது. பராமரிப்புக்கென அறிவித்து நிறுத்தும் நேரம் பெரும்பாலும் இதில் சேராது. மீறப்பட்டாலும் ஈடு, மாதக் கட்டணத்தில் ஒரு பகுதிதான். நூறு ரூபாயில் ஒரு பகுதி!

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்குப் போகலாமே என்று சந்தைப் பொருளாதாரம் சொல்லும். அந்த வேறு நிறுவனம் உண்மையிலேயே வேறுதானா என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. எண்டூரன்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் குழுமம் ப்ளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர் உள்ளிட்ட பல நிறுவனங்களை வாங்கி, பெயர்களை மாற்றாமலே நடத்தியது. 2013 ஆகஸ்ட் 2 அன்று யூட்டா மாநிலத்தின் புரோவோ நகரில் இருந்த டேட்டா சென்டரின் நெட்வொர்க் பழுதானபோது, அவ்விரண்டோடு ஹோஸ்ட்மான்ஸ்டர், ஜஸ்ட்ஹோஸ்ட் தளங்களும் சேர்ந்தே விழுந்தன. மும்பையில் வளர்ந்த பிக்ராக், ரீசெல்லர்கிளப் ஆகியவை 2014இல் அதே குழுமத்துக்குப் போயின; 2021இல் குழுமத்தின் ஹோஸ்டிங் தொழில் நியூஃபோல்டு டிஜிட்டல் என்ற புது நிறுவனத்தின் கீழ் வந்தது. உரிமையாளர் பெயர் விலைப்பட்டியலிலேயே இருந்தால்தான் ‘வேறு கடைக்குப் போகலாம்’ என்ற வாதத்துக்குப் பொருள் இருக்கும்.

இழப்பு மிகப் பெரிதாவது பேக்கப் விஷயத்தில்தான். 2021 மார்ச் 10 அதிகாலை, பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கிளவுட் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் எரிந்து நாசமானது. குறைந்த விலைக்குப் பெயர்பெற்ற நிறுவனம் அது. சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக இணைய ஆய்வு நிறுவனமான நெட்கிராஃப்ட் கணக்கிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால், பேக்கப்புக்கெனத் தனியே பணம் கட்டியிருந்த சிலருடைய பிரதியும் அதே இடத்தில் இருந்து, அசலோடு சேர்ந்து எரிந்துபோனது. அவ்வாறு பாதிக்கப்பட்ட ஒரு பிரெஞ்சு நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2023 ஜனவரியில் லீல் வணிக நீதிமன்றம் அதற்கு ஒரு லட்சம் யூரோவுக்கும் அதிகமாக இழப்பீடு தர உத்தரவிட்டது. பிரதியை அசலிலிருந்து பிரித்து வைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால்தான் அந்த உத்தரவு சாத்தியமானது. இந்தியாவில் விற்கப்படும் பல பிளான்களில் முகப்பில் ‘தினசரி பேக்கப்’ என்றும், ஒப்பந்தத்தில் ‘தரவைக் காப்பது வாடிக்கையாளர் பொறுப்பு’ என்றும் இருக்கும். இந்த இரண்டு வரிகளையும் ஒரே நிறுவனம் எழுத அனுமதிப்பது எந்த வகையிலும் சரியல்ல.

ஹோஸ்டிங்கோடு தரப்படும் ‘இலவச டொமைன்’ (இணைய முகவரி) என்பதில் இருக்கும் சிக்கலும் பலருக்குப் பிறகே புரிகிறது. புது டொமைனை, சர்வதேச அமைப்பான ஐகான் வகுத்த முறைப்படி, முதல் 60 நாள்களுக்குப் பொதுவாக வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாது. அதன்பின் மாற்றக் கேட்டால் பதிவாளர் 5 நாள்களுக்குள் மாற்றத்துக்கான குறியீட்டைத் தர வேண்டும். டொமைனை ஒரு நிறுவனத்திலும் ஹோஸ்டிங்கை இன்னொன்றிலும் வைத்து, பேக்கப்பை மாதம் ஒரு முறையாவது சொந்தக் கணினியில் இறக்கி வைப்பவர்கள் பாதித் தொல்லையிலிருந்து தப்புகிறார்கள்.

வாடிக்கையாளர் எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று அரசு ஒதுங்கிவிட முடியாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று அறிவிக்கை செய்த நெறிமுறைகள், ஏமாற்று வடிவமைப்புகள் என 13 வகைகளைத் தடை செய்கின்றன. விலையின் ஒரு பகுதியைக் கடைசியில் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்கவைப்பது, மூன்றுமே அப்பட்டியலில் உள்ளன. இந்தியாவில் சேவை விற்கும் எல்லாத் தளங்களுக்கும் இந்நெறிமுறைகள் பொருந்தும். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. புகார் வரும்வரை காத்திராமல் ஹோஸ்டிங் விலைப்பட்டியல்களை ஆணையமே எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் புதுப்பிப்பு விலை, ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லுக்குப் பதில் உண்மையான வரம்புகள், பேக்கப் எந்த இடத்தில் எத்தனை நாள் இருக்கும் என்ற விவரம், தாய் நிறுவனத்தின் பெயர் ஆகிய நான்கும் பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே இருக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் அல்ல. சுயதொழில் செய்து பிழைப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கைத் தரும் விளக்கக் குறிப்பு, வாங்கிய பொருள்களைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பழைய 1986 சட்டத்தில், 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, சேவைகளும் அதில் சேர்ந்திருந்தன. வீட்டில் தைத்த உடைகளைத் தன் இணையதளத்தில் விற்கும் பெண், வாங்கிய தையல் இயந்திரம் பழுதானால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இக்குறிப்பு தெளிவாக வழிவிடுகிறது. ஹோஸ்டிங் நிறுவனத்தின் மீது அவர் புகார் கொடுத்தாலோ, அவர் நுகர்வோரா இல்லையா என்பதே முதல் வாதமாகிவிடும். சேவைகளை அந்தக் குறிப்பில் மீண்டும் சேர்க்கும் திருத்தத்தை நாடாளுமன்றத்தின் அடுத்த கூட்டத்தொடரிலேயே அரசு கொண்டுவர வேண்டும்.